சொல்ல வந்தவர் கேட்டுப் போகட்டும்

ரயிலிலும் பஸ்ஸிலும் மதத்தைப் பற்றிப் பேசுவதைத் தடுக்க ஒரு சட்டம் வேண்டும் என்கிறார் என் நண்பர் ஒருவர். புகை பிடிக்காதே, எச்சில் துப்பாதே என்று எழுதி வைத்திருக்கிறார்கள் அல்லவா, அதற்குக் கீழே "மதம் பேசாதே" என்று மூன்றாவது வரியையும் எழுதிவிட வேண்டுமாம். நண்பர் நல்லவர்; வெள்ளிக்கிழமை தவறாமல் கோவிலுக்குப் போகிறவர்; யாரிடமும் சண்டைக்குப் போகாதவர். போன மாதம் மதுரையிலிருந்து ரயிலில் வரும்போது எதிர் ஆசனத்தில் உட்கார்ந்திருந்த ஒரு கிறிஸ்தவ அம்மாள், "ஐயா, இயேசு உங்களுக்காகத்தான் மரித்தார், தெரியுமா?" என்று கேட்டுவிட்டாள். அன்றிலிருந்து நண்பருக்குத் தூக்கம் போய்விட்டது.

நண்பருடைய கட்சிதான் நம் நடுத்தரக் குடும்பங்களில் பெரும்பாலோருடைய கட்சி என்பது எனக்குத் தெரியும். நான் அந்தக் கட்சியில் இல்லை. திருநீறு பூசுகிற குடும்பத்தில் பிறந்து இன்றைக்கும் அதைப் பூசிக்கொண்டிருக்கிற நான், முதலில் அந்த அம்மாளின் பக்கம் நின்று பேசப் போகிறேன். அதை முடித்தபிறகு அந்த அம்மாளிடமும் எனக்கு ஒரு வழக்கு இருக்கிறது.

முன்பின் தெரியாதவரிடம் சொந்த விஷயம் பேசுவது அநாகரிகம் என்கிறார் நண்பர். எந்த ஊர் நாகரிகத்தைச் சொல்கிறார்? நம் ஊர் ரயிலில் ஏறி உட்கார்ந்தால் மணியாச்சி வருவதற்குள், "தம்பிக்கு எந்த ஊர், என்ன உத்தியோகம், சம்பளம் எவ்வளவு, கலியாணம் ஆகிவிட்டதா, ஆகவில்லையென்றால் ஏன் ஆகவில்லை" என்று எல்லாம் கேட்டு முடித்துவிடுகிறார்கள். சர்க்கரை வியாதிக்கு மருந்து சொல்கிறார்கள். எந்தக் கட்சிக்கு ஓட்டுப் போடவேண்டும் என்று கழுத்து நரம்பு புடைக்கச் சொல்கிறார்கள். இதில் எதற்கும் முகம் சுளிக்காத நாம், கடவுள் என்ற பேச்சு வந்ததும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறோம். சம்பளத்தைவிடவும் சர்க்கரையைவிடவும் கடவுள் அவ்வளவு அந்தரங்கமா? அல்லது, அவ்வளவு அற்பமா?

ஒரு மனிதருக்குத் தாம் கண்ட மிகப் பெரிய உண்மை என்று ஒன்று தோன்றுகிறது. அது தம்மைக் கரையேற்றியது என்று அவர் நம்புகிறார். அதைப் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லாமல் வைத்துக்கொண்டால்தான் அவர் நம்பிக்கையில் எனக்குச் சந்தேகம் வரும். நல்ல டாக்டரின் விலாசத்தைத் தெரிந்து வைத்துக்கொண்டு சொல்லாமல் இருக்கிறவரை நாம் நல்லவர் என்று சொல்வதில்லை.

இந்த விவகாரம் இன்று நேற்று வந்ததல்ல. 1948 டிசம்பரில் நம் அரசியல் நிர்ணய சபையில் இதைப் பற்றி விவாதம் நடந்தது. மதத்தை நம்பலாம், அநுஷ்டிக்கலாம், ஆனால் பிரசாரம் செய்கிற உரிமை மட்டும் வேண்டாம் என்று சிலர் வாதாடினார்கள். அப்போது எழுந்து பேசியவர்களில் நம் டி. டி. கிருஷ்ணமாச்சாரியும் ஒருவர். தாம் பதினான்கு வருஷம் கிறிஸ்தவக் கல்வி நிலையங்களில் படித்ததாகவும், தம்மை மதம் மாற்ற அங்கே யாரும் முயலவில்லை என்றும் சொல்லி, அந்த உரிமைக்கு ஆதரவாகப் பேசினார். அரசியல் சட்டத்தின் 25ஆவது பிரிவில் அந்த உரிமை இருக்கிறது. 1977இல் சுப்ரீம் கோர்ட் அதற்கு ஓர் எல்லையும் வகுத்தது: தன் மதத்தின் கொள்கைகளை எடுத்துச் சொல்லிப் பரப்பலாம், இன்னொருவரை மாற்றிவிடுவதற்கு உரிமை என்று தனியாக ஒன்று கிடையாது. 2002இல் தமிழ்நாட்டில் கட்டாய மதமாற்றத்தைத் தடுக்க ஒரு சட்டம் வந்தது. 2004இல் அரசாங்கமே அதைத் திரும்பப் பெற்றது.

பலாத்காரத்தைச் சட்டம் பிடிக்கலாம். மோசடியையும் பிடிக்கலாம். "எனக்கு இது கிடைத்தது, உமக்கும் கிடைக்கட்டும்" என்கிற வார்த்தையை எந்தப் போலீஸ்காரர் பிடிப்பார்? பிடித்தால் நாளைக்குத் தேவாரம் சொல்கிற ஓதுவாரையும் அல்லவா பிடிக்க வேண்டும்! இந்தத் தமிழ்நாடே ஊர் ஊராக நடந்து தெரியாதவர்களிடம் கடவுளைப் பற்றிச் சொன்னவர்களால் ஆனது. நாயன்மாரும் ஆழ்வாரும் வீட்டுக்குள் கதவைத் தாழிட்டுக்கொண்டு பாடவில்லை. சமணரும் பௌத்தரும் அதற்கு முன்பே அந்தச் சாலைகளில் நடந்திருக்கிறார்கள்.

நண்பருக்கு வந்த கோபத்தின் வேர் வேறு இடத்தில் இருக்கிறது. அந்த அம்மாள் கேட்டதற்கு அவரிடம் பதில் இல்லை. "நான் இதை நம்புகிறேன், இதனால் நம்புகிறேன்" என்று சொல்ல நான்கு வாக்கியம் அவருக்குத் தெரியாது. ஐம்பது வருஷமாகப் பிராகாரத்தைச் சுற்றி வந்தவர், எதற்காகச் சுற்றினோம் என்று ஒரு நாளும் தமக்குத்தாமே சொல்லிக்கொண்டதில்லை. பதில் இல்லாதவர் சட்டம் கேட்கிறார்.

பதில் இருந்தவர் என்ன செய்தார் என்பதற்கு யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் சாட்சி. வெஸ்லியன் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்து, அங்கேயே ஆசிரியராகவும் இருந்து, பீட்டர் பெர்சிவல் பாதிரியாருக்குப் பைபிளைத் தமிழாக்கும் வேலையில் உதவி செய்தவர் அவர். பாதிரிமார் பேசக் கூடாது என்று அவர் மனுப் போடவில்லை. 1847இல் வண்ணார்பண்ணைச் சிவன் கோவிலில் தாமே பிரசங்கம் செய்யத் தொடங்கினார், பள்ளிக்கூடம் வைத்தார், அச்சுக்கூடம் வைத்தார். அவரிடமிருந்து பாதிரிமாரும் படித்தார்கள், பாதிரிமாரிடமிருந்து அவரும் படித்தார். அவருடைய வசன நடை தமிழுக்கு மிஞ்சியது. பேச்சுக்குப் பேச்சு என்பது அதுதான்.

இனி அந்த அம்மாளிடம் எனக்குள்ள வழக்கு.

திருநெல்வேலியிலிருந்து தூத்துக்குடிக்குப் போகிற சாலையில், வல்லநாடும் வாகைக்குளமும் தாண்டினால் ஒரு புதுக்கோட்டை வரும். பழைய சமஸ்தானப் புதுக்கோட்டை அல்ல. அதன் பெயரைத் தாங்கிய சின்ன ஊர். அந்த வழியில் ஒரு நாள் பஸ்ஸில் என் பக்கத்தில் ஒருவர் வந்து உட்கார்ந்தார். வெள்ளைச் சட்டை, மடியில் ஜிப் வைத்த உறைக்குள் வேதப் புத்தகம். பஸ் பாளையங்கோட்டையைத் தாண்டவில்லை, ஆரம்பித்துவிட்டார்.

"ஸார், இன்றைக்கு இரவு நீங்கள் மரித்தால் எங்கே போவீர்கள்?"

"தூத்துக்குடிக்கு டிக்கெட் வாங்கியிருக்கிறேன். அதற்கு முன்னால் அப்படி ஏதாவது நடந்தால் கண்டக்டரைத்தான் கேட்கவேண்டும்" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. நான் சொன்னது காதில் விழுந்ததாகவே தெரியவில்லை. பாவம், சம்பளம், மரணம், மீட்பு என்று படி படியாக ஏறிக்கொண்டே போனார். நடுவில் நான் ஒரு கேள்வி கேட்டேன். ஏறிய படியிலிருந்து இறங்கி, மறுபடியும் முதற்படியிலிருந்து ஆரம்பித்தார். இலக்கணமான தமிழ், ஒரு சொல் பிசகவில்லை. எங்கோ யாரோ எழுதிக் கொடுத்ததை நெட்டுருப் போட்டிருக்கிறார் என்று தெரிந்தது. எனக்குப் பதில் என் இடத்தில் ஒரு மூட்டை வெங்காயம் இருந்திருந்தாலும் அந்தப் பிரசங்கம் அப்படியேதான் நடந்திருக்கும்.

வல்லநாட்டுப் பாலம் தாண்டியதும் கேட்டேன்: "அது கிடக்கட்டும். உங்களுக்கு எப்படி இந்த நம்பிக்கை வந்தது?"

அவர் சற்று விழித்தார். பாடத்தில் அந்தக் கேள்வி இல்லை போலிருக்கிறது. பிறகு மெதுவாக, "நான் ரொம்பக் குடிச்சிட்டு அலைஞ்சவன் அண்ணாச்சி" என்றார். ஸார் போய் அண்ணாச்சி வந்துவிட்டது; இலக்கணத் தமிழும் போய்விட்டது. ஒரு ராத்திரி பெண்டாட்டி கைப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பிறந்த வீட்டுக்கு நடந்தே போனது, யாரோ ஒரு கிழவர் வந்து ஒன்றும் சொல்லாமல் திண்ணையில் விடியும்வரை கூட உட்கார்ந்திருந்தது, விடிந்தபிறகு அந்தக் கிழவர் ஜெபம் செய்தது. பத்து நிமிஷம் சொன்னார். நான் வாய் திறக்கவில்லை. அந்தப் பத்து நிமிஷத்தில் அவருடைய கடவுள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது போலத்தான் இருந்தது.

நான் என் பக்கத்தைச் சொல்ல வாயெடுத்தேன். பஸ் புதுக்கோட்டையில் நின்றது. அவர் சாயர்புரம் போகவேண்டியவர். "உங்க விஷயத்தை இன்னொரு நா கேக்கணும் அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு அவசரமாக இறங்கிப் போனார்.

அவரை நான் குறை சொல்லவில்லை. கடைசி வார்த்தை அழகான வார்த்தை. ஆனால் கணக்கைப் பாருங்கள். ஒரு மணி நேரப் பிரயாணத்தில் நெட்டுருவுக்குப் பெரும் பாகம், சொந்தக் கதைக்குப் பத்து நிமிஷம், எதிராளியின் பேச்சுக்கு "இன்னொரு நாள்." என் வழக்கு இதுதான். தெரியாதவரிடம் பேசுவதில் குற்றம் இல்லை. அவர் பேச இடம் வைக்காமல் பேசுவதுதான் குற்றம்.

இது நான் கண்டுபிடித்த நியாயமல்ல. இந்த முத்துக்குளித்துறையின் கதையே இதுதான்.

1530களில், முத்துக்குளிப்பில் வந்த தகராறுகளுக்கு நடுவே, போர்த்துக்கீசியரின் காவலை நாடி இந்தக் கரையின் பரதவர்கள் ஞானஸ்நானம் பெற்றார்கள். பெற்றார்களே தவிர, அவர்களுக்கு எதையும் எடுத்துச் சொல்ல ஆள் இல்லை. 1542இல் பிரான்சிஸ் சவேரியார் வந்து இறங்கினார். தமிழ் தெரியாது. இரண்டு பாஷையும் தெரிந்த சிலரை உட்காரவைத்துக்கொண்டு ஜெபங்களைத் தமிழாக்கி, அதை மனப்பாடம் செய்து, கையில் மணியை அடித்துக்கொண்டு ஊர் ஊராகப் போய்ச் சொல்லிக் கொடுத்தார். வெயிலையும் மணலையும் அவர் பொருட்படுத்தவில்லை. அந்த உழைப்பைப் பற்றி எனக்குப் பெரிய மரியாதை உண்டு. ஆனால் 1544இல் அவர் தம் தோழர் மான்சிலாஸுக்கு எழுதிய கடிதம் ஒன்றில் ஒரு திருத்தம் வருகிறது. விசுவாசப் பிரமாணத்தில் "வேணும்" என்று சொல்லி வந்ததை மாற்றி, "விசுவாசம்" என்கிற சொல்லைப் போடச் சொல்கிறார். ஏனென்றால் "வேணும்" என்றால் நம்புகிறேன் என்று பொருள் இல்லையே!

ஆக, அதுவரை இந்தக் கரையில் பிள்ளைகளும் பெரியவர்களும் "கடவுளை நம்புகிறேன்" என்று சொல்ல வேண்டிய இடத்தில் "கடவுள் எனக்கு வேணும்" என்று சொல்லி வந்திருக்கிறார்கள். காவல் தேடி வந்த ஜனங்களுக்கு அது பிழையே தவிரப் பொய்யல்ல. ஆனால் அந்தப் பிழை எப்படித் தெரிந்தது? மணி அடித்துக்கொண்டே இருந்திருந்தால் தெரிந்திருக்காது. யாரோ ஒரு தமிழர், "சாமி, நீங்கள் சொல்லுகிற சொல்லுக்கு அது அர்த்தமில்லை" என்று சொல்லியிருக்க வேண்டும். சவேரியாரும் மணியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டிருக்க வேண்டும். கேட்டதனால் திருந்தியது.

கேட்காத இடமும் ஒன்று உண்டு. 1544 ஜனவரியில் ரோமாபுரிக்கு எழுதிய நீண்ட கடிதத்தில் அவரே அதைச் சொல்கிறார். ஒரு கோவிலில் இருநூறுக்கு மேற்பட்ட பிராமணர்களைச் சந்திக்கிறார். திருச்செந்தூர் என்று கருதுகிறார்கள். "மோட்சம் போக உங்கள் தெய்வங்கள் என்ன கட்டளை இட்டிருக்கின்றன?" என்று கேட்கிறார். எண்பது வயதைக் கடந்த ஒரு கிழவர், "முதலில் உமது கடவுள் என்ன கட்டளை இட்டிருக்கிறார், அதைச் சொல்லும்" என்கிறார். இது தந்திரம் என்று எண்ணி, நீர் சொன்னால்தான் நான் சொல்வேன் என்று சவேரியார் பிடிவாதமாக இருந்துவிடுகிறார். கடைசியில் கிழவர், பசுவைக் கொல்லாதிருப்பது, பிராமணருக்குத் தானம் கொடுப்பது என்று இரண்டே விஷயத்தைச் சொல்லி முடித்துக்கொள்கிறார். உடனே சவேரியார் எழுந்து உரத்த குரலில் விசுவாசப் பிரமாணத்தையும் பத்துக் கட்டளைகளையும் தமிழில் ஒப்பிக்கிறார்.

எனக்கு அந்தக் கிழவரைப் பற்றியே நினைப்பாக இருக்கிறது. எண்பது வயதுவரை அந்தக் கடலோரத்துச் சந்நிதியில் நின்ற மனிதருக்கு இந்த இரண்டைத் தவிர வேறு ஒன்றும் தெரியாதா? அல்லது, இவர் கேட்க வரவில்லை, சொல்லத்தான் வந்திருக்கிறார் என்று புரிந்துகொண்டு பேச்சைச் சுருக்கிக்கொண்டாரா? தெரிந்துகொள்ள வழியில்லை. சவேரியாரின் கடிதம் இருக்கிறது. கிழவர் எழுதிய கடிதம் இல்லை. ஒருவர் மட்டும் பேசிய சம்பாஷணைகள் எல்லாவற்றுக்கும் இந்தக் கதிதான்: பாதி எப்போதும் காணாமல் போய்விடும்.

சவேரியாருக்குப் பின்னால் இங்கே வந்தவர் அந்திரிக் அடிகளார், ஹென்றிக்கே ஹென்றிக்கஸ். 1547 வாக்கில் வந்தவர், 1600இல் கண்ணை மூடும்வரை ஐம்பது வருஷத்துக்கு மேல் இந்தக் கரையோடு வாழ்ந்தார். துபாஷியை நம்பாமல் தாமே உட்கார்ந்து தமிழ் படித்தார்; பேச்சைக் காதால் கேட்டுக் கேட்டு அதற்கு இலக்கணமும் எழுதினார். 1578இல் கொல்லத்தில் அச்சான "தம்பிரான் வணக்கம்" அவருடைய உழைப்பு. பதினாறு பக்கப் புத்தகம். இந்திய பாஷை ஒன்றின் எழுத்தில் அச்சாகி நமக்குக் கிடைத்திருக்கிற முதல் புத்தகம் அதுதான். கேட்கக் கற்றுக்கொண்ட ஒரு பாதிரியாரால் நம் தமிழ் அச்சேறியது.

பஸ்ஸில் வந்த அன்பர் இறங்கிப் போன சாயர்புரத்துக்கும் இதே மாதிரி ஒரு கதை உண்டு. ஜி. யு. போப் என்ற இருபத்திரண்டு வயது இளைஞர் 1842இல் அங்கே வந்து ஒரு கல்விச் சாலை நடத்தினார். அவர் வந்தது தம் வேதத்தைச் சொல்ல. சொன்னார். ஆனால் காதையும் திறந்து வைத்திருந்தார். 1886இல் திருக்குறளையும், 1900இல் தமது எண்பதாவது வயதில் திருவாசகத்தையும் ஆங்கிலமாக்கித் தம் ஜனங்களிடம் கொடுத்தார். கடைசிவரை அவர் கிறிஸ்தவப் பாதிரியார்தான். மாணிக்கவாசகரைக் கேட்டதனால் அவருடைய விசுவாசம் ஒன்றும் தேய்ந்துவிடவில்லை.

அதே சாயர்புரத்தில் 1853இல் தமிழாசிரியராக வந்து சேர்ந்தவர் எச். ஏ. கிருஷ்ண பிள்ளை, கம்பனில் ஊறிய வைணவர். ஐந்து வருஷம் கழித்து 1858இல்தான் சென்னையில் ஞானஸ்நானம் பெற்றார். ஐந்து வருஷம்! நண்பர்களோடு பேசி, படித்து, தமக்குள் வாதாடி, தாமாக முடிவு செய்தார். தமிழை விட்டுவிட்டா போனார்? கம்பனிடம் கற்ற தமிழில்தான் 1894இல் "இரட்சணிய யாத்திரிகம்" வந்தது. பஸ் நிலையத்தில் துண்டுப் பிரசுரத்தைக் கையில் திணித்துவிட்டு ஓடுகிறவரால் ஒரு கிருஷ்ண பிள்ளையைச் சம்பாதிக்க முடியுமா?

கேட்பதைப் பற்றி இவ்வளவு வற்புறுத்துவதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. ஓர் ஆஸ்பத்திரி வார்டில் என் உறவுக்காரப் பெண் ஒருத்தி ஜுரத்தில் கிடந்த குழந்தையின் பக்கத்தில் மூன்று நாள் தூங்காமல் உட்கார்ந்திருந்தாள். ஒருவர் வந்து குழந்தைக்கு என்ன என்றுகூடக் கேட்காமல், "நீங்கள் வணங்குவது தெய்வமல்ல; அதனால்தான் இந்தத் துன்பம்" என்று தொடங்கினார். அவளால் எழுந்து போக முடியாது. போய்விடு என்று சொல்லவும் பயம். சொன்னால் குழந்தைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று. எழுந்து போக முடியாதவளிடம் பேசுவது பேச்சல்ல, கட்டிப்போட்டு அடிப்பது. பஸ்ஸில் நான் அடுத்த ஆசனத்துக்குப் போய்விடலாம். வேலை கேட்டு வந்தவனும், கடன் பட்டவனும், நோயாளியின் தாயும் எங்கே போவார்கள்? இதைச் செய்கிறவர் எந்த மதத்தவரானாலும் சரி. கிறிஸ்தவரானால் அவருக்குக் கூடுதல் வெட்கம் வேண்டும். நல்ல சமாரியன் கதையில் அவன் காயத்துக்கு மருந்து போட்டதாகத்தான் இருக்கிறது. பிரசங்கம் செய்ததாக இல்லை.

இதற்குக் கிறிஸ்தவ நண்பர்கள் சொல்லுகிற ஆட்சேபம் எனக்குத் தெரியும். "வீடு தீப்பற்றி எரிகிறது. உள்ளே தூங்குகிறவனை எழுப்பும்போது அவன் அபிப்பிராயத்தைக் கேட்டுக்கொண்டிருக்க முடியுமா?" என்பார்கள். அவர்கள் அவசரம் உண்மையான அவசரம்தான். அதைக் கேலி செய்ய நான் விரும்பவில்லை. ஆனால் இந்தக் கடற்கரையே அவர்களுக்குப் பதில் சொல்லும். தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு 1961ஓடு நின்றுவிட்டது. அதற்கு முன் எத்தனையோ தலைமுறை அங்கே மூச்சை அடக்கிக்கொண்டு கடலுக்குள் இறங்கியிருக்கிறது. இறங்குகிறவனின் கயிற்றை மேலே தோணியில் ஒருவன் பிடித்திருப்பான். அந்தக் கயிற்றை மைத்துனன் கையில்தான் கொடுப்பார்கள் என்று சொல்வது வழக்கம்; தங்கை தாலி அறுக்கவேண்டி வரும் என்று அவன் கயிற்றைக் கைவிட மாட்டானாம். அவசரம் என்பதற்காக யாரும் வழிப்போக்கன் கையில் கயிற்றைக் கொடுத்துவிட்டுக் கடலில் குதித்ததில்லை. ஐயா, நீங்கள் என்னிடம் கேட்பது என் உயிர்க் கயிறு. அதை உங்கள் கையில் கொடுக்கும் முன் நீங்கள் யார் என்று நான் பார்க்க வேண்டாமா? நான் யார் என்று நீங்களும் பார்க்க வேண்டாமா?

அமெரிக்கப் பாதிரியார் ஸ்டான்லி ஜோன்ஸ் 1920களில் நம் நாட்டில் ஒரு காரியம் செய்தார். பல மதத்தினரையும் வட்டமாக உட்காரவைத்து, வாதம் வேண்டாம், பிரசங்கம் வேண்டாம், உங்கள் மதம் உங்கள் வாழ்க்கையில் என்ன செய்தது என்பதை மட்டும் ஒவ்வொருவராகச் சொல்லுங்கள் என்றார். தாமும் சொன்னார், மற்றவர் சொன்னதையும் கேட்டார். மாநாட்டு மண்டபத்தில் முடிந்தது மணியாச்சி ஜங்ஷனில் முடியாதா?

ஆகவே, ரயிலில் வந்த அம்மாளே, தாராளமாகப் பேசுங்கள். ஆனால் எழுதிக் கொடுத்ததைப் பேசாதீர்கள். உங்களுக்கு நடந்ததைப் பேசுங்கள். எழுந்து போக முடியாதவரிடம் பேசாதீர்கள். பேசி முடித்தபிறகு, "உங்களுக்கு எப்படி?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். கேட்டுவிட்டு, அடுத்த ஸ்டேஷனில் இறங்கி ஓடிவிடாதீர்கள்.

நண்பரே, சட்டத்துக்கு மனுப் போடுவதை விட்டுவிட்டு இந்த வெள்ளிக்கிழமை பிராகாரத்தைச் சுற்றும்போது நான்கு வாக்கியம் யோசித்து வையுங்கள். அடுத்த முறை அந்த அம்மாள் எதிரில் வந்து உட்கார்ந்தால் ஜன்னல் பக்கம் திரும்பாதீர்கள். "அம்மா, உங்கள் கதையைக் கேட்டேன்; இனி என் கதையைக் கேளுங்கள்" என்று சொல்லுங்கள். அவள் கேட்டால் உங்களுக்கு ஒரு சிநேகிதி கிடைப்பாள். கேட்காவிட்டால் தோற்றது அவள்தான். அதற்குச் சட்டம் எதற்கு?